பினாங்கில் ஒரு சூழல் கலைப் படைப்பு: போத்தல் மயிலா, ஆற்று விளக்கா, சிரட்டைக்கரி வடிகட்டியா?

பினாங்கில் ஓர் இளைஞர் மன்றமோ கோயில் தொண்டர் குழுவோ தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கமோ சுற்றுச்சூழலைப் பற்றிக் கலையாக ஏதாவது செய்யலாம் என்று உட்கார்ந்தால், பெரும்பாலும் பிளாஸ்டிக் போத்தலில் செய்யும் மயில்தான் முதலில் பேச்சுக்கு வரும். பொறியியல் படிக்கிற தம்பி ஒருவர் ஆற்றில் சென்சார் போட்டு விளக்கு எரிய வைக்கலாம் என்பார், ஓர் அக்கா தோட்டம் போடலாம் என்பார், கையில் இருப்பதோ இரண்டாயிரம் மூவாயிரம் வெள்ளி (ரிங்கிட்), தைப்பூசமும் நெருங்கிக்கொண்டிருக்கும். அப்படி ஒரு கூட்டத்தில் முடிவு எடுக்க வேண்டியவர்களுக்காக இதை எழுதுகிறேன். எல்லா யோசனையும் நல்லதுதான் என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு விருப்பமில்லை, ஏனென்றால் எல்லாம் ஒரே அளவுக்கு நல்லதல்ல.

நான் பார்ப்பது ஒன்றைத்தான். அந்தப் படைப்பு தான் நிற்கிற இடத்துத் தண்ணீருக்கோ மண்ணுக்கோ அங்கே வாழ்கிற உயிருக்கோ ஏதாவது ஒரு வேலை செய்கிறதா? சின்ன வேலையாக இருக்கலாம், ஒரு வாளித் தண்ணீர் அளவுக்கு இருந்தாலும் போதும், ஆனால் அது நம் கண்ணுக்கு முன்னால் நடக்க வேண்டும். தெலுக் பஹாங்கில் 2019-இல் சாலைக்கு மேலே ஒரு பாலம் கட்டினார்களே, அது மனிதர்களுக்கானது அல்ல, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் உள்ள லோத்தோங் குரங்குகளுக்கானது. தீயணைப்பு வண்டிகளில் ஓடித் தேய்ந்து கழித்துப்போட்ட குழாய்களைக்கொண்டு இந்தப் பக்கத்து மரத்துக்கும் அந்தப் பக்கத்து மரத்துக்கும் இடையே கட்டியது. குரங்கு நிஜமாகவே அதில் போகிறதா என்று கேமரா வைத்தும் பார்த்தார்கள். கழிவுப் பொருள், வடிவமைப்பு, தொழில்நுட்பம், காட்டு உயிர் எல்லாம் அதில் இருக்கின்றன, யாரும் அதைக் கலைப் படைப்பு என்று விளம்பரம் செய்யவும் இல்லை. நம் ஊரிலேயே இப்படி ஒன்று நடந்திருக்கும்போது, நாம் செய்வதையும் அதன் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் நியாயம்.

போத்தல் மயிலைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைகள் சேர்ந்து உட்கார்ந்து வெட்டுவார்கள், ஒட்டுவார்கள், சந்தோஷமாக இருக்கும், படம் நன்றாக வரும். அதற்கு அப்புறம்? வெயில் பட்ட பிளாஸ்டிக் சில மாதங்களில் மொரமொரவென்று ஆகி உதிரத் தொடங்கும், சாயமும் பசையும் ஏறிய போத்தலை மறுசுழற்சிக் கடைக்காரரும் எடுக்க மாட்டார், அதாவது முன்பு மறுசுழற்சிக்குப் போயிருக்கக்கூடிய பொருளை நாமே குப்பைமேட்டுக்கு மட்டும் ஏற்றதாக மாற்றிவிட்டோம். இதைவிட மோசமான ஒன்றும் இருக்கிறது. பினாங்கில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. பாதியாக வெட்டிய ஒவ்வொரு போத்தலும், மூடியும், டயரும் தண்ணீரைப் பிடித்து வைக்கும், ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கிற கொசுவாக ஆக ஒரு வாரம் பத்து நாள் போதும். கொசு வளரும்படி தண்ணீர் தேங்கவிடுவது 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதத்துக்குரிய குற்றம் என்பதை விடுங்கள், பள்ளிக்கூட வாசலில் நாமே டிங்கிக் காய்ச்சலுக்கு இடம் கொடுத்தோம் என்றால் அதை எந்த மயிலும் ஈடுகட்டாது. உள்ளரங்கில், ஒரு வாரக் கண்காட்சிக்கு, பசையே போடாமல் நூலால் கோத்து, முடிந்ததும் பிரித்து அப்படியே மறுசுழற்சிக்கு அனுப்புவதாக இருந்தால் செய்யுங்கள். வெளியே வைப்பதற்கு வேண்டாம்.

ஆற்று விளக்கு அப்படியல்ல, அதை ஆர அமர யோசிக்க வேண்டும். 2009-இல் நியூயார்க்கில் கலைஞர் நடாலி ஜெரமிஜென்கோவும் 'தி லிவிங்' என்ற கட்டடக்கலைக் குழுவினரும் ஈஸ்ட் நதியிலும் பிராங்ஸ் நதியிலும் மிதக்கும் குழாய்களை நட்டார்கள். தண்ணீருக்கு அடியில் சென்சார், மேலே விளக்கு. நீரின் தரமும் மீன்களின் நடமாட்டமும் விளக்கின் நிறத்திலும் மினுக்கலிலும் தெரிந்தன, கரையில் நிற்பவர் கைத்தொலைபேசியில் குறுஞ்செய்தி அனுப்பினால் ஆற்றின் நிலவரம் பதிலாக வந்தது. அழகான யோசனை, இதைக் கேட்டதும் சுங்கை பினாங்கில் அப்படி ஒன்று வைக்கலாமே என்று யாருக்கும் தோன்றத்தான் செய்யும்.

அங்கேதான் நம் ஊர்ச் சங்கதிகள் குறுக்கே வருகின்றன. முதலில் கடல். சுங்கை பினாங்கின் கழிமுகப் பகுதியில் ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏற்றம், இரண்டு முறை வற்று. ஏற்றத்தில் கடல்நீர் உள்ளே வரும்போது சென்சார் எண்கள் தாமாகவே மாறும், ஆறு சுத்தமாகிவிட்டது போல விளக்கு பச்சையாக எரியும், ஆறு மணி நேரம் கழித்து சிவப்பாகும். இந்த ஏற்றமும் வற்றுமான ஓதம் பற்றி எதுவும் சொல்லாமல் அந்த விளக்கைக் காட்டினால் பார்க்கிறவர்களுக்கு நாம் சொல்வது பொய். அடுத்தது வெப்பம். தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனின் அளவு வெப்பம் கூடக் கூடக் குறையும், 10 டிகிரியில் ஒரு லிட்டருக்கு 11 மில்லிகிராமுக்கு மேல் கரையும், நம் ஊரின் 30 டிகிரியில் முழுதாக நிரம்பினாலும் ஏழரைதான். குளிர்நாட்டுக்காரர் எழுதிய நிரலை அப்படியே இறக்கி ஓட்டினால் நல்ல ஓடையும் நோயாளியாகத் தெரியும். நம் நாட்டின் சுற்றுச்சூழல் துறை ஆற்றின் தரத்தைக் கணக்கிட ஆறு அளவுகளைச் சேர்த்துத்தான் பார்க்கிறது, கரைந்த ஆக்சிஜன், அமோனியா நைட்ரஜன், மிதக்கும் துகள்கள், அமிலத்தன்மை, அப்புறம் ஆய்வகத்தில் மட்டும் சரியாக எடுக்கக்கூடிய இரண்டு ஆக்சிஜன் தேவை அளவுகள். வெப்பம் அளக்கிற சென்சார் பத்து இருபது வெள்ளிக்குக் கிடைக்கும். ஆக்சிஜன் அளக்கும் கோல் பல நூறு வெள்ளி, நல்லதாக வேண்டும் என்றால் ஆயிரத்தைத் தாண்டும், அதன் சவ்வையும் உள்ளே இருக்கிற திரவத்தையும் அவ்வப்போது மாற்ற வேண்டும், சேற்று நீரில் மாதத்துக்கு ஒருமுறைகூட ஆகலாம். வெயில் நிறைந்த ஆற்றில் கோலின் மேல் பாசி படிவதற்கு மாதமெல்லாம் தேவையில்லை, சில நாளே போதும்.

இவ்வளவு சொன்னாலும் ஆற்று விளக்கை நான் ஒதுக்கிவிட மாட்டேன். ஆறு நாறுகிறது என்பதை மூக்கே சொல்லிவிடும், அதற்கு ஆயிரம் வெள்ளிக் கருவி தேவையில்லை, ஆனால் எந்த நேரத்தில் நாறத் தொடங்கியது என்பதை மூக்கு பதிவு செய்து வைக்காது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எண்களைச் சேமிக்கிற ஒரு சின்னப் பெட்டி, ஒவ்வொரு வியாழக்கிழமையும் பின்னிரவில் ஏதோ நடக்கிறது என்று காட்டிவிட்டால், புகார் எழுதும்போது "எப்போதும் நாறுது ஐயா" என்பதற்குப் பதிலாக நாளும் நேரமும் எழுதலாம். வீட்டில் செய்த கருவியின் எண் வழக்கில் சாட்சியாக நிற்காது, அதிகாரியை எந்த நேரத்துக்கு வரச் சொல்ல வேண்டும் என்று தெரிந்துகொள்ள உதவும். அதனால் உங்கள் குழுவில் மின்னணுவியல் தெரிந்த இருவராவது இருந்து, ஓராண்டுக்குக் கோலைத் துடைக்க ஆள் இருந்தால், ஆற்றின் முகத்துவாரத்தை விட்டுவிட்டு ஓதம் எட்டாத மேல்பக்கத்தில், உங்கள் தாமானின், அதாவது குடியிருப்பின், பெரிய லோங்காங்கில் (சாக்கடை வடிகாலில்) வையுங்கள். வடிகால் நீர்ப்பாசனத் துறையிடமோ மாநகர் மன்றத்திடமோ முன்கூட்டியே கடிதம் கொடுத்துவிடுங்கள். 2017 நவம்பரில் வந்த வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள், கரையோரத்தில் கட்டிய பெட்டியை அது என்ன செய்திருக்கும் என்று. ஓராண்டுக்கு ஆள் கிடையாது, திறப்பு விழாவுக்கு மட்டும் விளக்கு எரிந்தால் போதும் என்ற நிலைமை என்றால் இதைத் தொடாதீர்கள், மூன்று மாதத்தில் அது மின்னணுக் குப்பையாகத்தான் நிற்கும்.

தோட்டம், மரம், காளான் போன்ற உயிருள்ள படைப்புகள் அடுத்து. இந்த வகையில் நான் மிகவும் மதிப்பது கலைஞர் மெல் சின் 1991-இல் அமெரிக்காவின் செயின்ட் பால் நகரத்துக் குப்பைமேடு ஒன்றில் செய்தது. வேளாண் விஞ்ஞானி ரூஃபஸ் சேனியோடு சேர்ந்து, மண்ணில் கலந்த காட்மியத்தையும் துத்தநாகத்தையும் வேரால் உறிஞ்சி எடுக்கிற செடிகளை வட்டத்துக்குள் வேலி கட்டி நட்டார், அது கலையாகவும் வயல் சோதனையாகவும் ஒரே நேரத்தில் இருந்தது, செடி உண்மையில் காட்மியத்தை எடுத்திருந்தது என்று சோதனையில் தெரிந்தது. கலைஞர் யோசஃப் பாய்ஸ் 1982-இல் ஜெர்மனியின் காசல் நகரத்தில் 7,000 மரம் நடத் தொடங்கினார், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு கருங்கல் தூண். 1986-இல் அவர் இறந்துவிட்டார், கடைசி மரத்தை 1987-இல் அவர் மகன் நட்டார். மரத்தைக் கையில் எடுக்கிறவர்கள் இந்தக் கால அளவை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பள்ளி விடுமுறையில் யார் தண்ணீர் ஊற்றுவார்கள், நிலம் யாருடையது, அடுத்த தலைவர் வந்ததும் அந்த இடத்தில் கார் நிறுத்துமிடம் வராது என்பதற்கு எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்ற கேள்விகளுக்குப் பதில் இல்லாமல் நட வேண்டாம்.

காளான் கட்டி பற்றியும் பலர் கேட்கிறார்கள். 2014-இல் நியூயார்க்கின் மோமா பிஎஸ்1 என்ற கலைக்கூடத்தின் முற்றத்தில், முன்பு சொன்ன அதே 'தி லிவிங்' குழு, சோளத்தட்டைக் கழிவில் காளான் நூல்களை வளர்த்துச் செய்த சுமார் 10,000 செங்கற்களால் ஒரு கோபுரம் எழுப்பி, கோடை முடிந்ததும் உரமாக்கிவிட்டது. நமக்கு மூலப்பொருள் பஞ்சமே கிடையாது, மலேசியக் காளான் பண்ணைகள் ரப்பர் மரத்தூளில்தான் காளான் வளர்க்கின்றன, விளைச்சல் முடிந்த பைகளைக் கேட்டால் பெரும்பாலும் சும்மாவே கொடுப்பார்கள். ஆனால் அந்தப் பழைய பையில் பச்சைப் பூஞ்சை ஏறியிருக்கும் வாய்ப்பு அதிகம், புதிதாக விதை போட்டு வளர்த்தாலும் நம் புழுக்கத்தில் அச்சுகளைச் சுத்தமாக வைத்திருப்பது பழகாத கைக்குக் கடினம். வளர்ந்த கட்டியை வெப்பத்தில் உலர்த்தாவிட்டால் அது வளர்ந்துகொண்டே போகும், உலர்த்தியதை மழையில் வைத்தால் ஊறிவிடும். கூரையுள்ள மண்டபத்தில் வைக்க, சின்ன அளவில் முயன்று பார்க்க நல்லது, முதல் படைப்பாக இதை எடுக்கச் சொல்ல மாட்டேன்.

சரி, நான் எதைச் சொல்வேன்?

1972-இல் கலைஞர் ஹான்ஸ் ஹாக்கே ஜெர்மனியின் கிரெஃபெல்ட் நகரத்து அருங்காட்சியகத்துக்குள் அழுக்கான ரைன் நதி நீரைக் கொண்டுவந்தார். பெரிய கண்ணாடிப் போத்தல்களில் அந்த நீரை வைத்து, ரசாயனம் சேர்த்துக் கசடைப் படியவைத்து, மணலிலும் கரியிலும் வடித்து, கடைசியில் தங்கமீன்கள் நீந்துகிற தொட்டிக்குள் விட்டார், தொட்டி நிரம்பி வழிந்த தண்ணீர் பின்பக்கத் தோட்டத்துக்குப் போனது. நகரத்தின் கழிவுநீர் அந்த நதியில்தான் கலந்துகொண்டிருந்தது, அதை அவர் மேடை போட்டுச் சொல்லவில்லை, வரிசையாக வைத்துக் காட்டினார். ஐம்பது ஆண்டுக்கு முந்தைய இந்த ஏற்பாடு பினாங்குத் தமிழர்களுக்கு மிகவும் பொருந்தும் என்று நான் நினைப்பதற்குக் காரணம் கரி.

தைப்பூசத்துக்கு முதல் நாள் வெள்ளி ரதம், 1894-இலிருந்து நகரத்தார் இழுத்து வரும் அதே ரதம், முருகன் கோயில் உள்ள தண்ணீர்மலை அடிவாரத்துக்குப் போகிற வழியெல்லாம் தேங்காய் உடைகிறது. தமிழர் மட்டுமா, சீனர்களும் குடும்பத்தோடு வந்து மூட்டை மூட்டையாக உடைக்கிறார்கள். 2017-இலிருந்து தங்க ரதமும் வருகிறது. ரதம் நகர்ந்ததும் சாலை முழுக்கச் சிரட்டையும் சதையும் கிடக்கும், வாரி லோரியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். அளவோடு உடையுங்கள் என்று பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறது, நானும் அதையே சொல்வேன், நம் படைப்புக்குச் சிரட்டை வேண்டும் என்பதற்காக யாரும் ஒரு தேங்காய்கூடக் கூடுதலாக உடைக்கக் கூடாது. ஆனால் உடைந்தது உடைந்ததுதான். நார் கிடைக்கும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள், உடைக்க வரும் தேங்காய் பெரும்பாலும் உரித்ததாகத்தான் இருக்கும். சதை சாலை அழுக்குப் பட்டது, எருக்குழிக்குத்தான் ஆகும். சிரட்டை அருமையான பொருள், வீட்டுத் தண்ணீர் வடிகட்டிகளில் போடுகிற கரி நிறையச் சிரட்டையிலிருந்துதான் வருகிறது.

அந்தச் சிரட்டையை நீங்களே கொல்லையில் எரித்துவிடாதீர்கள், திறந்தவெளியில் எரிப்பது 1974-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி குற்றம், புகையும் அண்டை வீட்டாருக்குத் தொல்லை. சுத்தம் செய்து உலர்த்திக் கரி போடுகிறவரிடம் கொடுத்து, கரியாக வாங்கிக்கொள்ளுங்கள். இது சாதாரணக் கரிதான். கடையில் விற்கும் வடிகட்டிக் கரியை 800, 900 டிகிரியில் நீராவி செலுத்தி இன்னும் நுண்துளை உண்டாக்கி எடுக்கிறார்கள், அதன் திறன் நம்முடையதற்கு வராது. ஆகவே நாம் வடித்த நீரை யாரும் குடிக்கக் கூடாது, அப்படிக் குடிக்கலாம் என்று தோன்றும்படி ஒரு பலகையும் எழுதி வைக்கக் கூடாது. நிறமும் நாற்றமும் நன்றாகக் குறையும், அது கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியும், படைப்பின் உயிர் அதில் இருக்கிறது.

அமைப்பு இப்படி இருக்கலாம். தாமானின் லோங்காங்கிலிருந்து தினமும் ஒரு வாளித் தண்ணீர், கையுறையும் பூட்ஸும் போட்டுத்தான் எடுக்க வேண்டும், எலிச் சிறுநீரால் வருகிற காய்ச்சல் விளையாட்டில்லை. அது மேலே இருக்கிற மூடிய தொட்டியில் ஒரு நாள் தெளியட்டும், மூடியில் கொசுவலை கட்டாயம். அங்கிருந்து பம்ப் இல்லாமல், உயரத்தால் மட்டுமே சரளைக்கல், மணல், கரி என்று கண்ணாடியோ தெளிவான அக்ரிலிக்கோ உள்ள பெட்டிகள் வழியாக இறங்கட்டும். மெதுவாக இறங்க வேண்டும். மணலின் மேல்மட்டத்தில் நுண்ணுயிர்ப் படலம் ஒன்று உருவாகும், பாதி வேலையை அதுதான் செய்கிறது, உருவாக இரண்டு மூன்று வாரம் பிடிக்கும், காயவிட்டால் செத்துவிடும். கரியால் அமோனியாவை அவ்வளவாகப் பிடிக்க முடியாது, அதனால் அதற்கு அடுத்து ஒரு பாத்தியில் கங்கோங் கீரை வையுங்கள், அது நைட்ரஜனை ஆசையாக உறிஞ்சிக்கொண்டு தளதளவென்று வளரும், வளர்ந்ததை எரு ஆக்கலாம், சமைக்கக் கூடாது. கடைசியில் மீன் தொட்டி. மீன்கடையில் விற்கிற அமோனியா சோதனைத் துளியில் நிறம் கிட்டத்தட்ட சுழியம் காட்டும் வரை மீனை விடாதீர்கள். லோங்காங் மீன் என்று நாம் சொல்கிற கப்பியை விட்டால் கொசுப்புழுவைத் தின்னும், நல்லதுதான், ஆனால் அது மோசமான நீரிலும் மேற்பரப்பில் வாய் வைத்து மூச்சுவிட்டுப் பிழைத்துக்கொள்ளும், கப்பி உயிரோடு இருக்கிறது என்பதை நீர் சுத்தம் என்பதற்கு ஆதாரமாகக் காட்டாதீர்கள்.

சென்சார் தம்பிக்கும் இங்கே வேலை உண்டு. நுழைகிற நீரையும் வெளியேறுகிற நீரையும் ஒரே கோலால் அளந்து இரண்டு எண்களைப் பக்கம் பக்கமாகக் காட்டினால், கோல் துல்லியமாக இல்லாவிட்டாலும் வித்தியாசம் தெரியும். ஆற்றில் அளப்பதைவிட இங்கே அதே கருவி நேர்மையாக இருக்கிறது, துடைப்பதும் எளிது.

ஒரு சிக்கல் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். "சாமிக்கு உடைச்ச தேங்காய லோங்காங் தண்ணிக்கா போடுறீங்க தம்பி?" என்று பெரியவர் ஒருவர் கட்டாயம் கேட்பார். கேட்பது சரிதான், அது அவருடைய நேர்த்திக்கடன். அவரிடம் வாதாடாமல், வேலையைத் தொடங்குவதற்கு முன்பே கோயில் நிர்வாகத்திடம் பேசி அனுமதி வாங்குங்கள், இப்போது அந்தச் சிரட்டை குப்பை லோரியில் எங்கே போகிறது என்பதையும் சொல்லுங்கள். "ஐயா, நீங்க உடைச்சது குப்பைமேட்டுக்குப் போறதுக்குப் பதிலா தண்ணிய சுத்தம் பண்ணட்டும்" என்றால் ஏற்பவர்கள் இருப்பார்கள், ஏற்காதவர்களும் இருப்பார்கள். நிர்வாகம் வேண்டாம் என்றால் அதை மதித்து, சந்தையில் தேங்காய் துருவுகிற கடையில் சிரட்டை வாங்கிக்கொள்ளலாம், அங்கே தினமும் குவிகிறது. தைப்பூசத்தோடு உள்ள தொடர்பு போய்விடும் என்ற வருத்தம் எனக்கு உண்டு, ஆனாலும் ஒருவருடைய பக்தியைப் புண்படுத்திச் செய்கிற சூழல் கலை எனக்கு வேண்டாம்.

காலக் கணக்கும் இதற்கு ஒத்துவருகிறது. தைப்பூசம் ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி நடுவுக்குள் வரும், ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் நாள். சிரட்டை உலர, கரியாக, பெட்டி கட்ட, மணல் படலம் பிடிக்க அந்த நான்கு மாதம் போதும், தைப்பூசத்துக்குள் எதையாவது காட்டியே ஆக வேண்டும் என்ற அவசரம் போய்விடும். செலவில் பெரும்பகுதி அக்ரிலிக் பெட்டிக்கு, அதை அடுத்த ஆண்டும் வைத்துக்கொள்ளலாம். பழைய கரியைப் பூச்செடி மண்ணில் கலக்கலாம், காய்கறிப் பாத்திக்கு வேண்டாம்.

இதற்கு ஐந்தாறு பேர், தினமும் ஒருவர் வாளி தூக்க வேண்டும். அவ்வளவு பேர் இல்லை, தைப்பூசத்துக்கு இரண்டு வாரம்தான் இருக்கிறது என்றால் படைப்பு என்ற பெயரையே விட்டுவிட்டு உங்கள் தண்ணீர்ப் பந்தலை வடிவமைத்துக் கட்டுங்கள். மூங்கிலும் அத்தாப்பு ஓலையும், கயிற்றுக் கட்டு, அடுத்த ஆண்டுக்குப் பிரித்து வைக்கும்படியாக. ஒருமுறை குடித்து எறிகிற கப்புக்குப் பதில் கோயில் மடப்பள்ளியிலோ கல்யாண மண்டபத்திலோ எவர்சில்வர் டம்ளர் இரவல் வாங்குங்கள், கழுவுவதற்கு மூன்று தொட்டி வரிசையாக எல்லாருக்கும் தெரிகிற மாதிரி முன்பக்கத்தில் வையுங்கள், பின்னால் ஒளிக்க வேண்டாம். கழுவ ஆட்களை மணிக்கணக்கில் முறை போட்டு எழுதிக்கொள்ளுங்கள், நள்ளிரவுக்கு அப்புறம் கூட்டம் அலைமோதும், ஆள் குறையும், இரண்டு பெட்டிக் காகிதக் கப்பைத் திறந்துவிடலாமே என்று ஒருவர் சொல்வார். அந்த நேரத்துக்கு யார் நிற்பது என்பதை முதல் கூட்டத்திலேயே முடிவு செய்துவிடுங்கள்.